குறிப்பை எழுதுங்கள், கிளைகளைக் கணினி வரையட்டும்

உள்தள்ளி எழுதிய பட்டியலும், தலைப்பை நடுவில் வைத்துச் சுற்றிலும் கிளைகளாகப் பிரிக்கும் மனவரைபடமும் (மைண்ட் மேப்) ஒரே மரத்தின் இரண்டு தோற்றங்கள். பட்டியலை மேலிருந்து கீழாக வாசிக்கிறோம். வரைபடத்தை நடுவிலிருந்து வெளியே வாசிக்கிறோம். எது எதற்குக் கீழே வருகிறது என்ற தகவல் இரண்டிலும் ஒன்றுதான். அதனால் பட்டியல் ஒழுங்காக இருந்தால், அதை வரைபடமாக்க மௌஸால் ஒவ்வொரு பெட்டியாக இழுத்து வைத்து மணிக்கணக்கில் மினக்கெடத் தேவையில்லை. ஒரு மென்பொருளிடம் கொடுத்தால் சில நொடிகளில் வரைந்துவிடும்.

இதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. மென்பொருள் உங்கள் பாடத்தை விளங்கிக்கொள்வதில்லை. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் எவ்வளவு இடைவெளி, அல்லது எத்தனை குறி, இருக்கிறது என்று எண்ணுகிறது. முந்தைய வரியைவிடக் கூடுதலாக இருந்தால் பிள்ளை, சமமாக இருந்தால் சகோதரம், குறைவாக இருந்தால் மேலே ஏறிப் பெற்றோரைத் தேடுகிறது. நீங்கள் எழுதாத எதையும் அது சேர்ப்பதில்லை. தவறாக எழுதியதைத் திருத்துவதும் இல்லை. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கை பிசகுவதால் வருபவை.

கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தரம் படிக்கிறவர்களையும், டியூஷனுக்குக் குறிப்பு தயாரிக்கிற ஆசிரியர்களையும், அலுவலகக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்களையும் நினைத்து இது எழுதப்படுகிறது. விண்டோஸ் கணினி ஒன்றும் நோட்பேடும் இருந்தால் போதும். கைபேசி மட்டும் இருந்தாலும் ஒரு வழி உண்டு.

முதலில் எழுத்துருவைப் பாருங்கள்

எங்கள் ஊரில் இந்த வேலை தொடங்குமுன்பே தடுக்கி விழும் இடம் பாமினி. பள்ளிக்கூடங்களிலும் டியூஷன் வகுப்புகளிலும் சுற்றிவரும் வேர்ட் கோப்புகளில் பல பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. பாமினி தமிழ் எழுத்துகளைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளையே சேமித்து, அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. சாதாரண எழுத்துக் கோப்பில் எழுத்துருவுக்கு இடமே இல்லை. ஆகவே அந்தக் குறிப்பை நோட்பேடில் ஒட்டிய உடனே முகமூடி கழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தெரியும். மனவரைபட மென்பொருளிலும் அதுவேதான் தெரியும்.

நோட்பேடில் ஒட்டிப் பார்ப்பதே பரிசோதனை. தமிழாகத் தெரிந்தால் அது யூனிகோடு, அதாவது தமிழ் எழுத்துகளையே சேமிக்கும் முறை. இல்லையென்றால் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இணையக் கருவி ஒன்றில் போட்டு எடுங்கள். மாற்றியபின் ஒரு முறை வாசித்துப் பார்ப்பது நல்லது. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் தனித்தனியாக வந்திருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். வரைபடத்தில் அந்தச் சொல்லைத் தேடும்போதுதான் அகப்படாமல் போகும்.

புதிதாகத் தட்டுகிறவர்கள் யூனிகோடிலேயே தொடங்குங்கள். ரெங்கநாதன் விசைப்பலகையோ ஒலிபெயர்ப்பு முறையோ, எது கைக்குப் பழக்கமோ அது. சேமிக்கும்போது குறியீட்டு முறை யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே அப்படித்தான் சேமிக்கிறது. அதற்கு முந்தைய கணினிகளில் ‘சேவ் அஸ்’ சாளரத்தின் அடியில் நீங்களே தெரிவு செய்ய வேண்டும். ‘ஆன்சி’ என்ற பழைய முறையில் விட்டால், மறுபடி திறக்கும்போது தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். கேள்விக்குறியான பிறகு மீட்க வழி இல்லை. மூலத்திலிருந்து மறுபடி ஒட்ட வேண்டியதுதான்.

பட்டியலை எழுதுதல்

உயர்தர அரசியல் விஞ்ஞானத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு மட்டம் உள்ளே போகவும் டேப் விசையை ஒரு முறை அழுத்துங்கள்:

```
இலங்கையின் அரசியலமைப்புகள்
	டொனமூர் (1931)
		சர்வசன வாக்குரிமை
		அரசுக் கழகம்
			ஏழு நிர்வாகக் குழுக்கள்
	சோல்பரி (1947)
		இரண்டு அவைகள்
			பிரதிநிதிகள் சபை
			செனட் சபை
				1971இல் ஒழிக்கப்பட்டது
		29ஆம் பிரிவு: சிறுபான்மையினர் காப்பு
	முதலாம் குடியரசு (1972)
		தேசிய அரசுப் பேரவை
			ஓர் அவை மட்டும்
	இரண்டாம் குடியரசு (1978)
		நிறைவேற்று சனாதிபதி
		விகிதாசாரப் பிரதிநிதித்துவம்
```

பதினேழு வரிகள், ஆகவே பதினேழு கணுக்கள். கணு என்பது வரைபடத்தில் எழுத்து நிற்கும் ஒவ்வோர் இடமும்.

பாடக் குறிப்பு இப்படி இருப்பதில்லை. “1978 அரசியலமைப்பின் மூலம் நிறைவேற்று அதிகாரமுள்ள சனாதிபதி முறை அறிமுகப்படுத்தப்பட்டதுடன் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையும் கொண்டுவரப்பட்டது” என்று நீண்ட வாக்கியமாக இருக்கும். அதை அப்படியே ஒரு வரியில் போட்டால் வரைபடம் குறுக்கே ஓடும் ஒரு நீண்ட கயிறாகிவிடும். வாக்கியத்தைப் பிரிக்கும்போது வினைச்சொற்களை முதலில் வெட்டுங்கள். ‘அறிமுகப்படுத்தப்பட்டது’, ‘கொண்டுவரப்பட்டது’ இரண்டும் போனாலும் பொருள் குறையவில்லை, ஏனென்றால் அந்தக் கணு 1978இன் கீழ் நிற்பதே அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் ‘ஒழிக்கப்பட்டது’ என்பதை வெட்ட முடியாது. அது இல்லாவிட்டால் 1971இல் செனட் சபைக்கு என்ன நடந்தது என்று தெரியாது. இடத்தைப் பார்த்தே விளங்கும் சொல்லை வெட்டலாம், விளங்காததை வைத்திருக்க வேண்டும். ஒரு வரிக்கு மூன்று முதல் ஆறு சொற்கள் வரை தமிழுக்கு வசதியாக இருக்கும்.

இரண்டாவது, ஒரே மட்டத்தில் ஒரே இனம் நிற்க வேண்டும். மேலே முதல் மட்டத்தில் நான்கும் அரசியலமைப்புகள். அங்கே ஐந்தாவதாகச் ‘சர்வசன வாக்குரிமை’ என்று எழுதினால் மென்பொருள் மறுக்காது, அழகாக ஒரு கிளை வரைந்து கொடுக்கும். பரீட்சைக்கு முதல் நாள் அதைப் பார்க்கிறவர் அதுவும் ஓர் அரசியலமைப்பு என்று நினைத்தால் பிழை உங்களுடையது.

ஒரு கணுவின் கீழ் ஏழு எட்டுக்கு மேல் பிள்ளைகள் வந்தால் இடையில் ஒரு மட்டத்தைச் சேர்த்துப் பிரியுங்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் இருந்தால் அதைப் பெற்றோரோடு சேர்த்து ஒரே வரியாக்கலாமா என்று யோசியுங்கள். மேலே ‘ஓர் அவை மட்டும்’ அப்படிச் சேர்க்கக்கூடியது. சோல்பரியின் இரண்டு அவைகளோடு கண் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று தனியே விடப்பட்டிருக்கிறது.

1972ஐயும் 1978ஐயும் பத்து அம்சங்களில் ஒப்பிட வேண்டுமென்றால் மனவரைபடத்தை விட்டுவிடுங்கள். அதற்கு அட்டவணைதான் சரி. மரத்தில் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குக் கோடு இழுக்கத் தொடங்கினால் தெளிவு போய்விடும்.

வேகமான வழி: மார்க்மேப்

மார்க்மேப் இலவசமான, திறந்தமூலக் கருவி. மார்க்டவுன் என்னும் எளிய குறிமுறையில் எழுதியதை வாங்கி, உலாவியிலேயே கிளைகளாக விரிக்கிறது. கணக்குத் திறக்கத் தேவையில்லை.

மார்க்டவுனில் மட்டத்தைக் காட்ட இரண்டு முறைகள். ஒன்று தலைப்பு: ஹேஷ் குறி ஒன்று போட்டால் மையம், இரண்டு போட்டால் முதல் கிளை, மூன்று போட்டால் அடுத்தது. ஆறு வரை போகலாம். மற்றது பட்டியல்: ஹைபன் போட்டு உள்தள்ளி எழுதுவது. இரண்டையும் கலக்கலாம், கலப்பதுதான் வசதி. மேல் மட்டங்களுக்கு ஹேஷ், அடி மட்டங்களுக்கு ஹைபன்:

```
# இலங்கையின் அரசியலமைப்புகள்
## டொனமூர் (1931)
- சர்வசன வாக்குரிமை
- அரசுக் கழகம்
  - ஏழு நிர்வாகக் குழுக்கள்
## சோல்பரி (1947)
- இரண்டு அவைகள்
  - பிரதிநிதிகள் சபை
  - செனட் சபை
    - 1971இல் ஒழிக்கப்பட்டது
- 29ஆம் பிரிவு: சிறுபான்மையினர் காப்பு
```

செய்முறை:

1. மார்க்மேப் தளத்தைத் திறந்து, முயன்று பார்க்கும் பக்கத்துக்குப் போங்கள். இடப்பக்கம் எழுதும் பெட்டி, வலப்பக்கம் வரைபடம்.
2. இடப்பக்கத்தில் இருக்கும் மாதிரியை முழுவதும் அழித்துவிட்டு, உங்கள் குறிப்பை ஒட்டுங்கள். வலப்பக்கம் உடனே மாறும்.
3. ஒவ்வொரு கணுவின் ஓரத்திலும் ஒரு சிறு வட்டம் இருக்கும். அதைச் சொடுக்கினால் அந்தக் கிளை மடியும், மறுபடி சொடுக்கினால் விரியும்.
4. சரியாக வந்ததும் ஊடாடும் எச்டிஎம்எல் கோப்பாகவோ எஸ்விஜி படமாகவோ இறக்கிக்கொள்ளுங்கள்.
5. இடப்பக்கத்தில் இருந்த குறிப்பையும் நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள். இதை மறக்கிறவர்கள் ஏராளம். பிறகு திருத்தப் போவது அந்தக் குறிப்பைத்தான், படத்தை அல்ல.

அடிக்கடி செய்கிறவர்களுக்கு விஎஸ் கோட் என்னும் எழுத்துக் கோப்புகளைத் திருத்தும் மென்பொருளில் மார்க்மேப் நீட்சியை நிறுவிக்கொள்வது நல்லது. எம்டி (.md) என்ற பின்னொட்டோடு கோப்பைச் சேமித்து, கட்டளைப் பட்டியலில் மார்க்மேப்பாகத் திறக்கும் கட்டளையைக் கொடுத்தால், எழுத எழுதப் பக்கத்திலேயே வரைபடம் வளரும். நோட்பேடில் எம்டி கோப்பாகச் சேமிக்கும்போது ‘சேவ் அஸ் டைப்’ இடத்தில் ‘ஆல் ஃபைல்ஸ்’ தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பின்னொட்டுக்குப் பின்னால் இன்னொரு பின்னொட்டாக டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அதை மறைத்துவிடுவதால் கோப்பின் பெயர் சரிபோலவே தெரியும்.

மார்க்மேப்பில் என்ன பிழை வரும், ஏன்

வரி காணாமல் போகிறது. ஹேஷுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விடவில்லை. ஹேஷும் எழுத்தும் ஒட்டி நின்றால் அது தலைப்பு அல்ல, சாதாரணப் பந்தி. மார்க்மேப் தலைப்புகளையும் பட்டியல்களையும் வரைகிறது, சாதாரணப் பந்திகளை விட்டுவிடுகிறது. தலைப்புக்கும் பட்டியலுக்கும் நடுவே இரண்டு வரி விளக்கம் எழுதினால் அதுவும் இதே காரணத்தால் தெரியாது. இதைக் குறையாகக் கருதத் தேவையில்லை. நீண்ட விளக்கத்தைக் கோப்பிலேயே வைத்துக்கொண்டு, படத்தில் மட்டும் காட்டாமல் விட இது ஒரு வழி.

இரண்டு வரிகள் ஒரே கணுவில் ஒட்டிக்கொள்கின்றன. மூன்று காரணங்கள் இருக்கலாம். ஹைபனுக்குப் பின்னால் ஸ்பேஸ் இல்லை. அல்லது ஒரே பாய்ச்சலில் இரண்டு மட்டம் உள்ளே போய்விட்டீர்கள்: மேலே உள்ள ஹைபன் ஓரத்திலேயே இருக்க, அடுத்த ஹைபனை ஆறு ஸ்பேஸ் தள்ளிப் போட்டால், மார்க்டவுன் அதைப் பிள்ளையாக எடுக்காமல் மேல் வரியின் தொடர்ச்சியாக எடுத்துவிடும். அல்லது நீங்கள் காண்பது ஸ்பேஸே அல்ல. இணையப் பக்கத்திலிருந்தோ வேர்டிலிருந்தோ எடுத்த எழுத்தில் ‘பிரியா இடைவெளி’ என்ற வேறோர் எழுத்து ஸ்பேஸ்போல உட்கார்ந்திருக்கும். மார்க்டவுன் அதை உள்தள்ளலாகக் கணக்கெடுப்பதில்லை. வரித் தொடக்கத்தை அழித்து மறுபடி தட்டுங்கள்.

பிள்ளை சகோதரமாகிறது. ஹைபன் பட்டியலில் ஒரு ஸ்பேஸ் உள்தள்ளல் போதாது, குறைந்தது இரண்டு வேண்டும். ‘1.’ என்று எண் போட்ட பட்டியலின் கீழ் மூன்று வேண்டும், ஏனென்றால் பிள்ளை வரி பெற்றோரின் எழுத்து தொடங்கும் இடத்துக்கு நேராகவோ அதற்கு உள்ளேயோ தொடங்க வேண்டும். இந்தக் கணக்கு தலைவலியென்றால் மட்டத்துக்கு ஒரு டேப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைபனுக்கும் சரிவரும், ஒற்றை இலக்க எண்ணுக்கும் சரிவரும்.

வெறும் கணு ஒன்று முளைக்கிறது. வரலாறும் அரசியலும் படிக்கிறவர்களுக்கென்றே வைத்த பொறி இது. ‘- 1972. முதலாம் குடியரசு’ என்று எழுதினால், ஆண்டுக்குப் பின்னால் வரும் புள்ளியையும் ஸ்பேஸையும் பார்த்து மார்க்டவுன் அதை எண் பட்டியலின் 1972ஆவது உருப்படி என்று எடுத்துக்கொள்கிறது. ஹைபன் ஒரு வெறும் கணுவாகி, அதன் கீழ் இன்னொரு பட்டியல் தொடங்கும். ஆண்டுக்குப் பின் புள்ளிக்குப் பதிலாக முக்காற்புள்ளி போடுங்கள். அல்லது மேலே உள்ள மாதிரிபோல ஆண்டைப் பின்னால் அடைப்புக்குள் எழுதுங்கள்.

திடீரென்று ஒரு பந்தி பெரிய தலைப்பாகிறது. அழகுக்காக ஒரு வரியின் அடியில் ஹைபன்களால் கோடு இழுத்திருப்பீர்கள். மார்க்டவுனில் அது மேல் வரியை இரண்டாம் மட்டத் தலைப்பாக்கும் குறி. கோடுகள் வேண்டாம்.

ஹைபன் வேலை செய்யவில்லை. வேர்டில் தட்டினால் அது தானாக ஹைபனை நீள்கோடாகவோ கறுப்புப் புள்ளியாகவோ மாற்றிவிடும். இரண்டும் மார்க்டவுனுக்குப் பழக்கமில்லை. வேர்டில் இருந்த புள்ளிப் பட்டியலை நோட்பேடில் ஒட்டும்போதும் அந்தப் புள்ளி ஒட்டிக்கொண்டு வரும், உள்தள்ளல் பெரும்பாலும் தொலைந்துபோகும். இருபது முப்பது வரிதான் என்றால் நோட்பேடில் கையால் சரிசெய்வது கருவி தேடுவதைவிட விரைவு.

கடைசியாக, வகுப்பறையில் மட்டும் தெரியவரும் பிழை. தளத்திலிருந்து இறக்கிய எச்டிஎம்எல் கோப்பு தனக்குத் தேவையான நிரல்களை ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து எடுக்கிறது. வீட்டில் வைஃபையில் நன்றாகத் திறந்த கோப்பு, இணைப்பில்லாத மண்டபத்தில் புரொஜெக்டரில் வெள்ளைப் பக்கமாக நிற்கும். கைபேசி டேட்டாவை ஹொட்ஸ்பொட்டாகக் கொடுக்கலாம். கட்டளைவரிப் பழக்கம் உள்ளவர்கள் நோட் ஜேஎஸ் நிறுவி, மார்க்மேப்பின் கட்டளைவரி வடிவத்தில் இணையமின்றி இயங்கும் தெரிவைக் கொடுத்து எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே அடைக்கலாம். இரண்டும் வேண்டாமென்றால் முன்கூட்டியே திரையை ஒரு படமாக (ஸ்கிரீன்ஷொட்) எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு: ஃப்ரீபிளேன்

சுவரில் ஒட்டவோ மாணவர்களுக்குப் பிரதி கொடுக்கவோ போகிறீர்களென்றால் மார்க்மேப் சரிவராது. அதன் எஸ்விஜி படம் உலாவியில் நன்றாகத் தெரியும், ஆனால் எழுத்துகளை எச்டிஎம்எல் துண்டுகளாக உள்ளே பொதிந்து வைத்திருப்பதால் இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருள்களில் கோடு மட்டும் வந்து எழுத்து வராமல் போகும். அச்சுக்கு ஃப்ரீபிளேன்தான் பொருத்தம். ஃப்ரீமைண்ட் என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைத்தது. இலவசம், திறந்தமூலம், இணையம் தேவையில்லை. ஜாவாவில் இயங்குவது. விண்டோஸுக்கு இறக்கும்போது ஜாவாவும் சேர்ந்த நிறுவியையே எடுத்தால் தனியாக அலையத் தேவையில்லை.

ஃப்ரீபிளேனுக்கு ஹேஷும் ஹைபனும் வேண்டாம். முதலில் காட்டிய டேப் பட்டியலே போதும்.

1. ஃப்ரீபிளேனில் புதிய வரைபடம் ஒன்றைத் திறங்கள். நடுவில் ஒரு கணு மட்டும் நிற்கும்.
2. எஃப்2 அழுத்தி அதன் பெயரை ‘இலங்கையின் அரசியலமைப்புகள்’ என்று மாற்றுங்கள்.
3. நோட்பேடில் தலைப்பு வரியை விட்டுவிட்டு, இரண்டாம் வரியிலிருந்து கடைசி வரை தெரிவு செய்து பிரதியெடுங்கள்.
4. நடுக் கணுவை ஒரு முறை சொடுக்கிவிட்டு கன்ட்ரோல்-வி. கிளைகள் விரியும்.

மூன்றாம் படியில் தலைப்பையும் சேர்த்துப் பிரதியெடுத்தால் அது நடுக் கணுவுக்குப் பிள்ளையாகப் போய் நிற்கும், எல்லாக் கிளைகளும் அந்த ஒற்றைப் பிள்ளையில் தொங்கும். புதியவர்கள் முதல் முறை கட்டாயம் செய்யும் பிழை. கன்ட்ரோல்-இசட் அடித்து மறுபடி ஒட்டுங்கள்.

பிரதியெடுப்பது நோட்பேடிலிருந்தே இருக்கட்டும். வேர்டிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ நேரே எடுத்தால் எழுத்தோடு வடிவமைப்பும் சேர்ந்து வந்து கிளைகளைக் குழப்பும். டேபையும் ஸ்பேஸையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். நான்கு ஸ்பேஸும் ஒரு டேபும் கண்ணுக்கு ஒரே அகலமாகத் தெரிந்தாலும் மென்பொருளின் எண்ணிக்கையில் ஒன்றல்ல. கணிதக் குறிப்புப் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: சமன் குறியில் தொடங்கும் வரியை ஃப்ரீபிளேன் சூத்திரமாக எடுத்துக் கணக்குப் பார்க்க முனையும், முடியாமல் பிழை காட்டும். சமனுக்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டால் சரி.

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துருவை மாற்றுங்கள். விண்டோஸ் 8இலிருந்து கூடவே வரும் நிர்மலா யூஐ நல்ல தெரிவு. அதில் தமிழும் சிங்களமும் இரண்டும் இருப்பதால், ஒரே வரைபடத்தை இரு மொழியிலும் கொடுக்க வேண்டிய கொழும்பு அலுவலகங்களுக்குக் கைகொடுக்கும். பழைய விண்டோஸ் 7இல் லதா இருக்கும்.

பிறகு ஃபைல் மெனுவின் எக்ஸ்போர்ட்டில் பிடிஎஃப் அல்லது பிஎன்ஜி. திரையில் எது விரிந்திருக்கிறதோ அதுவே வெளியே போகும், மடித்து வைத்த கிளை படத்திலும் மடிந்தே இருக்கும். அனுப்புமுன் எல்லாவற்றையும் விரித்தீர்களா என்று பாருங்கள். கிளைகள் எல்லாம் ஒரு பக்கமே குவிந்திருந்தால் இரண்டைப் பிடித்து இழுத்து மறுபக்கம் போடுங்கள். தாள் குறுக்காகத்தான் நன்றாக இருக்கும்.

ஏ4 தாளில் நாற்பது கணு வரை வாசிக்கலாம். அதற்கு மேல் ஏ3. நூற்றைத் தாண்டினால் ஏ3யும் கண்ணை வருத்தும், தலைப்பைப் பிரித்து இரண்டு படமாக்குங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ போட்டோகொப்பி கடைக்குக் கொண்டுபோவது பிடிஎஃப் கோப்பாக இருக்கட்டும். ஃப்ரீபிளேன் கோப்பைக் கொண்டுபோனால் அங்கே திறக்க மென்பொருள் இருக்காது. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்போகிறீர்களென்றால் வெளிறிய மஞ்சள் கிளைகள் மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்து, ஒரே ஒரு பிரதி எடுத்துப் பார்த்தபின் மிச்சத்தைச் சொல்லுங்கள்.

ஃப்ரீபிளேனில் ஒரு பின்வழியும் உண்டு. எந்தக் கணுவையும் தெரிவு செய்து கன்ட்ரோல்-சி அடித்து நோட்பேடில் ஒட்டினால், அந்தக் கிளை முழுவதும் உள்தள்ளிய பட்டியலாக வந்து விழும். வேறு யாரோ வரைந்து கொடுத்த படத்தையும் இப்படி எழுத்தாக்கிக்கொள்ளலாம்.

கைபேசியில்

கைபேசி விசைப்பலகையில் டேப் விசை இருப்பதில்லை. ஸ்பேஸை எண்ணி அடிப்பது நரகம். அதனால் கைபேசியில் உள்தள்ளலே வேண்டாம், எல்லா மட்டங்களையும் ஹேஷ் குறிகளாலேயே எழுதுங்கள். ஆறு மட்டங்கள் எந்தப் பாடத்துக்கும் போதும். ஹேஷ் எத்தனை என்று எண்ணுவது சுலபம், இடைவெளிபோலக் கண்ணை ஏமாற்றாது. உலாவியில் மார்க்மேப் பக்கத்தைத் திறந்து ஒட்டினால் படம் வரும்.

நண்பருக்கு அனுப்பும்போது குறிப்பை வாட்ஸ்அப் செய்தியாக ஒட்டாமல் கோப்பாக இணைத்து அனுப்புங்கள். ஹைபனும் ஸ்பேஸும் வரித் தொடக்கத்தில் வந்தால் வாட்ஸ்அப் அதைத் தன்னுடைய புள்ளிப் பட்டியலாக மாற்றிக் காட்டும்.

வேறு கருவிகள்

எழுத்திலிருந்து படம் வரையும் இன்னொரு கருவியான மெர்மெய்டிலும் உள்தள்ளலே கணக்கு. முதல் வரியில் மைண்ட்மேப் (mindmap) என்ற சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் எழுதித் தொடங்க வேண்டும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஆவணம் எழுதுகிறவர்களுக்கு அது அங்கேயே படமாகத் தெரியும் என்பது பெரிய வசதி. ஆனால் மையக் கணு ஒன்றுக்கு மேல் இருந்தால் வரைய மறுக்கும். அடைப்புக்குறிகளைக் கணுவின் வடிவத்தைக் குறிக்கும் குறியாக எடுத்துக்கொள்ளும். ஆகவே மேலே உள்ள ‘டொனமூர் (1931)’ அங்கே சிக்கல், அடைப்பை எடுத்துவிட்டு எழுதுங்கள். பிளான்ட்யூஎம்எல் என்ற இதேபோன்ற கருவி நட்சத்திரக் குறிகளை எண்ணுகிறது, கைபேசியில் ஹேஷ் எழுதுவதுபோலத்தான். எக்ஸ்மைண்ட் என்ற மனவரைபட மென்பொருள் வைத்திருப்பவர்கள் மார்க்டவுன் கோப்பை அதன் இம்போர்ட் மெனுவில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். இவற்றில் எதையும் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். எழுத்துக் கோப்பு கையில் இருக்கும்வரை.

திருத்தும்போது

படத்தில் ஒரு பிழை கண்டால் படத்தில் திருத்தாதீர்கள். குறிப்பில் திருத்தி மறுபடி வரையுங்கள். மார்க்மேப்பில் அது தானாக நடக்கும். ஃப்ரீபிளேனில் மறுபடி ஒட்டுமுன் பழைய கிளைகளை அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் இரண்டிரண்டாக நிற்கும். நிறம், படம், கோட்டின் தடிப்பு என்று ஃப்ரீபிளேனில் கையால் அலங்கரித்தவை இப்படி அழிக்கும்போது போய்விடும். அதனால் பாடம் முடிந்து குறிப்பு நிலைபெறும்வரை அலங்காரத்தில் கைவைக்க வேண்டாம். தவணை நடுவில் மாற்றம் வந்துகொண்டே இருக்கும் பாடமென்றால் ஒரு கிளையை மட்டும் அழித்து, அந்தப் பெற்றோரைச் சொடுக்கி, அந்தப் பகுதி வரிகளை மட்டும் ஒட்டுங்கள். மற்றக் கிளைகளின் நிறம் அப்படியே இருக்கும்.